பூஞ்சைக்கும் நோய் வரும்!

கேள்வி: பூஞ்சையே ஒரு நோய்தானே? நோய்க்கே நோய் வருமா? – பள்ளி ஆசிரியை, விருதுநகர்

பதில்: வரும். பூஞ்சை நோயல்ல, உயிர். ரொட்டியில் படரும் பச்சை, மாவை உப்ப வைக்கும் ஈஸ்ட், தட்டுக்கு வரும் காளான், நெல்லைக் கருக்கும் குலைநோய்க் கிருமி எல்லாமே அந்தப் பெரிய குடும்பத்தைச் சேர்ந்தவைதான். அந்தக் குடும்பத்தில் தேடத் தேட வைரஸ் அகப்பட்டுக்கொண்டே இருக்கிறது. முதலில் அகப்பட்டது காளானில். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் லா பிரான்ஸ் சகோதரர்கள் நடத்திய காளான் பண்ணையில் 1948இல் காளான்கள் உருக்குலைந்து முளைத்தன, விளைச்சல் சரிந்தது. பண்ணைக்காரர்களின் பெயரே நோய்க்கும் நிலைத்துவிட்டது. இங்கிலாந்தின் ஆய்வாளர் ஹாலிங்ஸ் 1962இல் நோயுற்ற காளானை மின்னணு நுண்ணோக்கியில் ஆராய்ந்து, உள்ளே வைரஸ் துகள்கள் இருப்பதைக் காட்டினார். பூஞ்சைகளின் வைரஸ் ஒரு தனித் துறையானது அதன்பிறகுதான்.

கேள்வி: மொட்டுக் காளான் வளர்க்கிறோம். சில படுக்கைகளில் காம்பு மட்டும் நீண்டு, குடை சிறுத்துப்போகிறது. இது வைரஸா? – காளான் வளர்ப்பவர், நீலகிரி

பதில்: உடனே வைரஸ்மேல் பழியைப் போடாதீர்கள். முதலில் அறையின் காற்றோட்டத்தைப் பாருங்கள். கார்பன் டை ஆக்சைடு தேங்கினாலும் காம்பு நீளும், குடை சிறுக்கும். காற்றைச் சீர்செய்த பிறகு அடுத்த முளைப்பு ஒழுங்காக வந்தால் பிரச்சினை அங்கேதான் இருந்தது.

வைரஸ் என்றால் வேறு அடையாளங்களும் சேர்ந்து வரும். கம்போஸ்ட்டில் இழைகள் மெதுவாகப் படரும், மேலே போட்ட கேசிங் மண்ணுக்குள் ஏறத் தயங்கும். படுக்கையில் திட்டுத்திட்டாக வெற்றிடம் விழும். முளைத்த காளான்கள் காலத்துக்கு முன்பே குடை விரிக்கும். கடைசியாகச் சொன்னதுதான் ஆபத்தானது. குடை விரிந்தால் வித்துத்தூள் கொட்டும். தூளின் ஒவ்வொரு துகளுக்குள்ளும் வைரஸ் இருக்கலாம். அது காற்றில் அடுத்த அறைக்குப் போய் முளைத்து, அங்குள்ள நல்ல இழையோடு இணைந்து, தன்னிடம் இருந்ததை ஒப்படைத்துவிடும்.

ஆகவே குடை விரியுமுன் பறியுங்கள். பயிர் முடிந்ததும் படுக்கையை அறைக்குள்ளேயே நீராவியில் வேகவைத்த பிறகு வெளியே எடுங்கள். பழைய படுக்கையிலிருந்து இழை எடுத்துப் புதிய படுக்கைக்குப் போடும் வழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். ஒவ்வொரு முறையும் நம்பகமான இடத்தில் வாங்கிய காளான் வித்தையே பயன்படுத்துங்கள். அப்படியும் அறிகுறி தொடர்ந்தால் மாதிரியை வேளாண் பல்கலைக்கழகத்தின் பயிர் நோயியல் துறையில் கொடுங்கள். கண்ணால் பார்த்து இதை யாரும் உறுதிசெய்ய முடியாது.

கேள்வி: இருமல் இல்லை, தும்மல் இல்லை, கொசுவும் கடிக்கவில்லை. ஒரு பூஞ்சையிலிருந்து இன்னொன்றுக்கு வைரஸ் எப்படித்தான் போகிறது? – கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: இந்தக் கேள்விதான் இத்துறையின் சாவி. பெரும்பாலான பூஞ்சை வைரஸ்களுக்கு வெளியுலக வாழ்க்கையே கிடையாது. உயிரணுவை உடைத்துக்கொண்டு வெளியே வந்து, அடுத்ததைத் தேடிப் போய் நுழையும் வித்தை அவற்றுக்குத் தெரியாது. சிலவற்றுக்குப் புரத உறைகூட இல்லை, வெறும் ஆர்.என்.ஏ. இழையாகவே காலம் தள்ளுகின்றன.

பரவ அவற்றுக்கு இரண்டே வழி. ஒன்று, ஒரே இனத்தின் இரு இழைகள் சந்திக்கும்போது, இரண்டு வாய்க்கால்கள் சேர்வதுபோல ஒன்றோடொன்று இணைந்து உள்ளிருப்பதைக் கலந்துகொள்ளும். அந்தக் கலப்பில் வைரஸ் போய்விடும். இன்னொன்று, பூஞ்சை விடும் வித்துகளில் ஏறிக்கொள்வது. அதாவது பூஞ்சையின் வளர்ச்சியும் இனப்பெருக்கமும்தான் வைரஸின் போக்குவரத்து. அவ்விரண்டிலும் வைரஸ் கைவைப்பதைப் புரிந்துகொள்ள இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அப்படியானால் வைரஸ் தாக்கிய பூஞ்சை செத்துவிடுமா? – வங்கி ஊழியர், சேலம்

பதில்: பெரும்பாலும் இல்லை. வெளியேற வழியில்லாத வைரஸுக்கு வீடு இடிந்தால் தானும் காலி. பல பூஞ்சைகள் வைரஸைச் சுமந்துகொண்டு எந்த அறிகுறியும் காட்டாமல் வாழ்கின்றன. பென்சிலின் தரும் பூஞ்சையிலேயே ஒரு வைரஸ் உண்டு!

கேள்வி: வைரஸ் பூஞ்சையை அடக்கி ஒரு மரத்தைக் காப்பாற்றியதாக எங்கோ படித்தேன். உண்மையா, கதையா? – ஓய்வுபெற்ற வனக்காவலர், கொடைக்கானல்

பதில்: உண்மை. காட்டில் வாழ்நாளைக் கழித்தவர் கேட்கிறீர்கள், விரிவாகவே சொல்கிறேன்.

அமெரிக்காவின் கிழக்குக் காடுகளில் செஸ்ட்நட் மரம் கோலோச்சிய காலம் ஒன்று இருந்தது. 1904இல் நியூயார்க்கின் பிராங்ஸ் விலங்கியல் பூங்காவில் அந்த மரங்களின் பட்டையில் வெடிப்பும் ஆரஞ்சு நிறப் புள்ளிகளும் தென்பட்டன. ஆசியாவிலிருந்து வந்த கிரைஃபோநெக்ட்ரியா பாராசிட்டிகா என்ற பூஞ்சை அது. பட்டைக்கடியில் படர்ந்து தண்டைச் சுற்றி வளைக்கும். வளையம் முழுமையானால் அதற்கு மேலுள்ள பகுதி காய்ந்துவிடும். ஐம்பது ஆண்டுகளுக்குள் அந்தக் காடுகளின் செஸ்ட்நட் ஏறக்குறைய முழுவதும் போயிற்று. சுமார் 400 கோடி மரங்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு.

1938இல் அதே பூஞ்சை இத்தாலியின் ஜெனோவா அருகே தோன்றியது. ஐரோப்பாவின் செஸ்ட்நட் தோப்புகளுக்கும் அதே கதிதான் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் 1950களின் தொடக்கத்தில் அந்தோனியோ பிராகி என்ற இத்தாலிய ஆய்வாளர் ஒன்றைக் கவனித்தார். நோய் பிடித்த சில மரங்களின் புண் தானாக ஆறிக்கொண்டிருந்தது. பூஞ்சை உள்ளே இருந்தது, மரமும் உயிரோடு இருந்தது. பின்னர் பிரான்சின் ழான் கிரான்ட் அந்த ஆறிய புண்களிலிருந்து பூஞ்சையைப் பிரித்தெடுத்துத் தட்டில் வளர்த்தார். ஆரஞ்சு நிறத்தில் வர வேண்டியது வெள்ளையாக வந்தது. வித்துகள் மிகக் குறைவு. மரத்தின் பட்டையை அழிக்கும் வேகமும் இல்லை. அந்த வெள்ளைப் பூஞ்சையை, கொடிய ஆரஞ்சுப் பூஞ்சையோடு சேர்த்து வளர்த்தால் ஆரஞ்சும் வெள்ளையாக மாறியது, சாதுவானது. எதுவோ ஒன்று ஒட்டிக்கொள்கிறது என்பது புரிந்தது.

அந்த எதுவோ ஒரு ஆர்.என்.ஏ. வைரஸ் என்று 1970களில் அமெரிக்காவின் கனெக்டிகட் ஆய்வாளர்கள் கண்டார்கள். ஆனாலும் வைரஸ்தான் காரணம், வேறெதுவும் இல்லை என்று நிரூபிக்க 1992 ஆயிற்று. சோய், நஸ் என்ற இரு ஆய்வாளர்கள் அந்த வைரஸின் மரபுச் செய்தியை டி.என்.ஏ. வடிவில் எழுதி, வைரஸ் அண்டாத பூஞ்சைக்குள் செலுத்தினார்கள். அதுவும் சாதுவானது. சந்தேகத்துக்கு அதோடு இடமில்லாமல் போயிற்று.

கேள்வி: ஐரோப்பாவில் பலித்த மருந்தை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனால் முடிந்ததே? – பொறியாளர், சென்னை

பதில்: கொண்டுபோனார்கள். மருந்து வைத்த புண்கள் ஆறின. பக்கத்து மரத்துக்கு மட்டும் அது போக மறுத்தது.

பூஞ்சை எல்லா இழையோடும் இணைந்துவிடாது. தன்னைப் போன்ற மரபுக் குறியீடு உள்ளதா என்று பார்க்கும். பொருந்தாவிட்டால் தொட்ட இடத்தின் உயிரணுக்களைத் தானே சாகடித்துக் கதவை அடைக்கும். செஸ்ட்நட் பூஞ்சையில் இதைத் தீர்மானிக்கும் மரபணு இடங்களில் ஆறு நன்றாக அறியப்பட்டவை. ஒவ்வொன்றிலும் இரண்டு வகை என்றால் 64 குழுக்கள். ஐரோப்பாவின் பல பகுதிகளில் சில குழுக்களே புழங்கியதால் வைரஸ் எளிதாகத் தாவியது. அமெரிக்காவில் குழுக்கள் ஏராளம். ஒவ்வொரு மரத்திலும் ஒவ்வொரு குழு என்ற நிலை. வைரஸ் நடுவழியில் நின்றுவிட்டது.

2016இல் ஜாங் என்ற ஆய்வாளரும் முன்பு சொன்ன நஸ்ஸும் இந்தப் பூட்டுகளில் நான்கை உடைத்த பூஞ்சை வகைகளை உருவாக்கினார்கள். எந்தக் குழுவோடும் இணைந்து வைரஸைக் கொடுத்துவிடும் திறன் அவற்றுக்கு உண்டு. அழகான வேலை. ஆனால் ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு கண்டத்தின் காட்டுக்குள் போவது வேறு விஷயம். அமெரிக்கச் செஸ்ட்நட் இன்றும் வேரிலிருந்து துளிர்க்கிறது, கொஞ்சம் உயர்கிறது, மறுபடி காய்கிறது.

கேள்வி: இத்தனை சிறிய வைரஸ் பூஞ்சையின் வித்து உற்பத்தியை எப்படி நிறுத்துகிறது? – உயிரியல் மாணவி, மதுரை

பதில்: தொழிற்சாலையை உடைத்து அல்ல, தகவல் கம்பியை அறுத்து. செஸ்ட்நட் வைரஸின் மொத்த மரபுச் செய்தி சுமார் 12,700 எழுத்துகள்தான். அது பூஞ்சைக்குள் நுழைந்ததும், வெளியே என்ன நடக்கிறது என்று உயிரணுவுக்குச் சொல்லும் ஜி-புரதச் சமிக்ஞைப் பாதை குழம்புகிறது. வைரஸே இல்லாமல் அந்த ஜி-புரதத்தின் மரபணுவை மட்டும் நீக்கிப் பார்த்தார்கள். அப்போதும் வித்து குறைந்தது, மரத்தைத் தாக்கும் வலு போனது. இணையைக் கவரும் ஃபெரோமோனுக்கான மரபணுக்களும் வைரஸ் உள்ள பூஞ்சையில் அடங்கிப்போகின்றன. விளைவாக அது பெண்ணாக இருந்து கருவுறும் தகுதியை இழக்கிறது. வைரஸின் பி29 என்ற ஒரே புரதத்தைப் பூஞ்சையில் உற்பத்தியாகச் செய்தாலே நிறமும் வித்தும் குறைந்துவிடுகின்றன.

பூஞ்சையும் சும்மா இருப்பதில்லை. வைரஸின் ஆர்.என்.ஏ.வைத் துண்டுதுண்டாக நறுக்கும் பாதுகாப்பு அதனிடம் உண்டு. அந்தப் பாதுகாப்பை முடக்குவதும் அதே பி29தான். நறுக்கும் மரபணுவை நீக்கிய பூஞ்சையில் வைரஸ் புகுந்தால் பூஞ்சை மிக மோசமாக நலிந்துபோகிறது. இந்த இழுபறியில்தான் நோயின் அளவு முடிவாகிறது.

கேள்வி: பூஞ்சை தன் வைரஸைத் தொலைக்க வழி உண்டா? – மருந்துக்கடை உரிமையாளர், நாகர்கோவில்

பதில்: உண்டு, கலவி. செஸ்ட்நட் பூஞ்சை பாலிலா முறையில் விடும் வித்துகளில் வைரஸ் ஏறிக்கொள்கிறது. பால்முறையில் உருவாகும் வித்துகளில் ஏறுவதில்லை. அந்த வித்துகள் சுத்தமாகப் பிறக்கின்றன. மேலே சொன்ன 64 குழுக்களும் இப்படிப்பட்ட கலவியில்தான் கலைந்து கலைந்து புதிதாகின்றன. அமெரிக்காவில் வைரஸ் தோற்றதில் இதற்கும் பங்குண்டு.

கேள்வி: எல்லா வைரஸும் இனப்பெருக்கத்துக்கு எதிரிதானா? – தபால் ஊழியர், தூத்துக்குடி

பதில்: இல்லை. ரைசோபஸ் மைக்ரோஸ்போரஸ் என்ற பூஞ்சையில் இரண்டு சிறு வைரஸ்களும், அவற்றோடு ஒரு பாக்டீரியாவும் குடியிருக்கின்றன. வைரஸ்கள் அதன் பாலிலா வித்துகளைக் குறைக்கின்றன. ஆனால் பாக்டீரியாவையும் வைரஸ்களையும் நீக்கிவிட்டு, பாக்டீரியாவை மட்டும் திருப்பிக் கொடுத்தால் பூஞ்சையால் முறையாகப் பால்முறை இனப்பெருக்கம் செய்ய முடியவில்லை. இருவரும் வேண்டும். ஒரு வித்தைக் குறைத்து இன்னொரு வித்துக்கு உதவும் வைரஸை நண்பனென்பதா, எதிரியென்பதா? அந்தக் கேள்வியையே நான் விட்டுவிட்டேன். எந்த வித்தில் ஏறிப் பயணிக்கிறது என்று பார்த்தால் போதும். இந்த வைரஸ்கள் இரண்டு வகை வித்துகளிலும் இருக்கின்றன.

கேள்வி: வைரஸால் பூஞ்சைக்கு லாபமே கிடைத்ததுண்டா? – மளிகை வணிகர், ஈரோடு

பதில்: வணிகரின் கேள்வி! ஈஸ்ட்டைப் பாருங்கள். 1963இல் பெவன், மேக்கோவர் என்ற ஆய்வாளர்கள், சில ஈஸ்ட்கள் பக்கத்திலுள்ள மற்ற ஈஸ்ட்களைக் கொல்வதைக் கண்டார்கள். கொல்லும் நஞ்சுக்கான குறிப்பு ஈஸ்ட்டின் மரபணுவில் இல்லை, உள்ளே குடியிருக்கும் வைரஸ் ஆர்.என்.ஏ.வில் இருந்தது. நஞ்சு, எதிரி ஈஸ்ட்டின் சவ்வில் துளைபோட்டு உயிரணுவைக் கசியவைக்கிறது. வைரஸ் வைத்திருக்கும் ஈஸ்ட்டுக்கு மட்டும் அந்த நஞ்சு ஒன்றும் செய்யாது. வைரஸைத் தொலைத்த ஈஸ்ட் அக்கம்பக்கத்து நஞ்சுக்கு இரையாகும்.

இதற்காக ஈஸ்ட் பெரிய விலையும் கொடுத்திருக்கிறது. முன்பு சொன்ன ஆர்.என்.ஏ. நறுக்கும் பாதுகாப்பு ரொட்டி ஈஸ்ட்டிடம் இல்லை. 2011இல் அதை ஈஸ்ட்டுக்குள் திருப்பி வைத்துப் பார்த்தார்கள். வைரஸ் அழிந்தது, கூடவே நஞ்சும் போயிற்று. அந்தப் பாதுகாப்பு இல்லாத ஈஸ்ட்கள் நிலைத்ததற்கு வைரஸ் தரும் ஆயுதமே காரணம் என்று அந்த ஆய்வு முடிவுகட்டியது. எனக்கு அது சரியாகவே படுகிறது.

கேள்வி: பூஞ்சைக்குள் வைரஸ், பூஞ்சையோ செடிக்குள். இப்படி மூன்றடுக்கு உறவு ஏதேனும் உண்டா? – தாவரவியல் ஆசிரியர், கோவை

பதில்: அமெரிக்காவின் எல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளின் அருகே ஒரு புல் வளர்கிறது. வேர் நிற்கும் மண் 65 பாகை செல்சியஸ் வரை சுட்டாலும் தாங்குகிறது. அதன் உள்ளே கர்வுலேரியா என்ற பூஞ்சை, பூஞ்சைக்குள் ஒரு வைரஸ். பூஞ்சையிலிருந்து வைரஸை நீக்கினால் புல் வெப்பத்தில் மடிகிறது. வைரஸைத் திருப்பிக் கொடுத்தால் பிழைக்கிறது. 2007இல் மார்க்கேஸ், ரூசிங்க் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இது. தக்காளிச் செடியிலும் அதே பூஞ்சையும் வைரஸும் சேர்ந்து வெப்பத் தாங்குதலைக் கொடுத்தன.

கேள்வி: வைரஸ் புகுந்த பூஞ்சை மனிதருக்கு இன்னும் கொடியதாக மாறுமா? – செவிலியர், வேலூர்

பதில்: மாறியதற்குச் சான்று உண்டு. தென்கிழக்கு ஆசியாவிலும் நம் மணிப்பூரிலும் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களைத் தாக்கும் டாலரோமைசிஸ் மார்னெஃபை என்ற பூஞ்சையில் ஒரு வைரஸைக் கண்டுபிடித்தார்கள். 2018இல் வெளியான ஆய்வில், அந்த வைரஸ் உள்ள பூஞ்சை எலிகளிடம் அதிக வீரியம் காட்டியது. வைரஸ் என்றாலே பூஞ்சையைச் சாதுவாக்கும் என்று யாராவது பொதுவாகச் சொன்னால் நம்பாதீர்கள்.

கேள்வி: வைரஸ் உள்ள காளானைச் சாப்பிட்டால் நமக்கு ஏதாவது ஆகுமா? – இல்லத்தரசி, தஞ்சாவூர்

பதில்: ஆகாது. காளானின் வைரஸ் மனித உயிரணுவில் பெருகுவதில்லை. ஆனால் பூஞ்சை வைரஸுக்கும் நம் உடம்புக்கும் சுவையான ஒரு தொடர்பு உண்டு. ரிச்சர்ட் ஷோப் என்ற அமெரிக்க மருத்துவ ஆய்வாளர் இரண்டாம் உலகப் போரின்போது குவாம் தீவில் இருந்தார். மனைவி ஹெலனின் புகைப்பட உறையில் பூஞ்சை பூத்தது. அதை வளர்த்து எடுத்த சாறு எலிகளை வைரஸ் நோயிலிருந்து காத்தது. 1953இல் அதற்கு மனைவி பெயரால் ஹெலனைன் என்று பெயரிட்டார். சாறு எப்படி வேலை செய்கிறது என்பது பல ஆண்டு புதிராக இருந்தது. 1967இல் ஹில்மன் குழுவினர் விடை கண்டார்கள்: சாற்றிலிருந்த இரட்டை இழை ஆர்.என்.ஏ., வைரஸை எதிர்க்கும் இன்டர்ஃபெரானைச் சுரக்க உடம்பைத் தூண்டியது. இத்தகைய பூஞ்சைச் சாறுகளில் இருந்த அந்த ஆர்.என்.ஏ. பூஞ்சையின் வைரஸிலிருந்து வந்தது என்பதும் அடுத்தடுத்துத் தெளிவாயிற்று.

கேள்வி: எங்கள் வயலில் குலைநோய் ஓயவில்லை. இந்த வைரஸை வாங்கித் தெளிக்கலாமா? – நெல் விவசாயி, மன்னார்குடி

பதில்: இன்றைக்கு முடியாது. அப்படியொரு பொருள் என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

வழி இருக்கிறது என்பது மட்டும் தெரியும். வியட்நாமில் எடுத்த குலைநோய்ப் பூஞ்சையில் ஒரு வைரஸ் இருந்தது. அது பூஞ்சையின் வளர்ச்சியைக் குன்றச் செய்ததை 2010இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதே ஆண்டு சீனாவின் வூகானில், கடுகு இனப் பயிரான ரேப்சீடைத் தாக்கும் ஸ்கிளிரோட்டினியா பூஞ்சையில் ஒரு டி.என்.ஏ. வைரஸ் கிடைத்தது. இது அபூர்வமானது. வைரஸ் துகளை வெளியிலிருந்து பூசினாலே பூஞ்சைக்குள் புகுகிறது. இழைகள் இணையும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பூஞ்சையைத் தின்னும் ஒரு சிறு ஈயும் அதைச் சுமந்து பரப்புகிறது. வைரஸ் புகுந்த பூஞ்சை ரேப்சீடுக்குள் தீங்கில்லாமல் குடியிருந்து, செடிக்கு உதவவும் செய்கிறது என்று 2020இல் அதே குழு காட்டியது. நெல்லுக்கும் இப்படி ஒன்று கிடைக்க வேண்டும் என்பதே என் ஆசை.

அதுவரை கையில் உள்ளதைச் செய்யுங்கள். கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலந்து விதைநேர்த்தி செய்யுங்கள். யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துப் போடுங்கள்; தழைச்சத்து மிஞ்சினால் குலைநோய் கொழுக்கும். வரப்புப் புல்லைச் சுத்தம் செய்யுங்கள்.

கேள்வி: பயிர் நோயியலில் முதுகலை படிக்கிறேன். தட்டில் நான் வளர்க்கும் பூஞ்சைகளில் சில வெளிறிப்போய், ஓரம் கோணலாக, வித்தே விடாமல் நிற்கின்றன. பேராசிரியர் தூக்கி எறியச் சொல்கிறார். – மாணவி, அண்ணாமலை நகர்

பதில்: பேராசிரியரிடம் பணிவாக ஒரு வாரம் அவகாசம் கேளுங்கள். மாசு கலந்திருக்கலாம், ஊடகம் பழசாகியிருக்கலாம், மரபணு மாற்றமாகவும் இருக்கலாம். முதலில் அவற்றைச் சரிபாருங்கள். பிறகு வெளிறிய பூஞ்சையை, அதே இனத்தின் நல்ல பூஞ்சைக்கு அருகே ஒரே தட்டில் வையுங்கள். நல்லதும் வெளிறத் தொடங்கினால் ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுத்துப் பாருங்கள். அமெரிக்காவின் லூசியானாவில் லிண்ட்பெர்க் என்ற ஆய்வாளர் 1959இல் ஓட்ஸ் பயிரின் பூஞ்சையில் தொற்றும் நோய் ஒன்றை அறிவித்தது இப்படித்தான். நன்றாக வளராத பூஞ்சையை அவர் எறியாமல் வைத்திருந்தார். நம் நெல், நிலக்கடலை, மஞ்சள் வயல்களின் பூஞ்சைகளில் என்னென்ன வைரஸ் இருக்கிறது என்று தேட வேண்டிய வேலை மலைபோல் இருக்கிறது. அந்தத் தட்டுகளை எறியாதீர்கள். குளிர்பெட்டியில் வையுங்கள், எடுத்த ஊரையும் தேதியையும் மேலே எழுதி வையுங்கள்.